நிக்கோலா புல்லி வழக்கும் நாற்காலித் துப்பறிவாளர்களும்

#1 மணற்கேணி

காணாமல்போனவர்களை இணையத்தில் தேடும் கூட்டத்தைப் பற்றி இந்த மன்றத்தில் பலமுறை பேச்சு வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் பொதுவாகப் பேசி, பொதுவாகவே கலைந்துவிடுகிறோம். இம்முறை ஒரே ஒரு வழக்கைப் பிடித்துக்கொள்ளலாம். முடிவு தெரிந்த வழக்கு என்பதால் யார் என்ன சொன்னார்கள், கடைசியில் எது நின்றது என்று உரசிப் பார்க்க முடியும்.

இங்கிலாந்தின் லங்காஷயர் மாவட்டத்தில் வயர் ஆற்றங்கரையில் இருக்கும் சிற்றூர் செயின்ட் மைக்கேல்ஸ் ஆன் வயர். 2023 ஜனவரி 27, வெள்ளிக்கிழமை. 45 வயதான நிக்கோலா புல்லி தன் இரண்டு பெண் குழந்தைகளையும் பள்ளியில் விட்டுவிட்டு, நாயுடன் ஆற்றோரம் நடக்கப் போகிறார். 8.53க்கு அலுவலகத்துக்கு மின்னஞ்சல். 9.01க்குக் கைபேசி வழியாக அலுவலகக் கூட்டத்தில் இணைகிறார். பேசவில்லை, கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறார். 9.10 அளவில் மேல் வயலில் அவரைத் தெரிந்த ஒருவர் பார்க்கிறார். 9.30க்குக் கூட்டம் முடிகிறது, இவருடைய இணைப்பு மட்டும் துண்டிக்கப்படவில்லை. சில நிமிடங்களில் அந்த வழியாக வந்த இன்னொருவர் கண்ணில் பெஞ்சின் மேல் கைபேசியும், அருகில் தனியாகத் திரியும் நாயும் படுகின்றன. நாயின் மார்புவார் தரையில் கிடக்கிறது.

ஆற்றில் தவறி விழுந்திருக்கலாம் என்பதே தங்கள் முதன்மைக் கருத்து என்று பிப்ரவரி 3ஆம் தேதியே போலீஸ் சொல்லிவிட்டது. பிப்ரவரி 19 அன்று ஏறக்குறைய ஒரு மைல் கீழே, நாணல் புதரில் உடல் கிடைத்தது. ஜூன் 27 அன்று மரண விசாரணை அதிகாரி ஜேம்ஸ் அடெலி விபத்து மரணம் என்று தீர்ப்புச் சொன்னார். குளிர்ந்த நீரில் விழுந்த அதிர்ச்சி, அதைத் தொடர்ந்து மூழ்கல்.

இடைப்பட்ட 23 நாட்களில் நடந்த கூத்தைப் பற்றித்தான் இந்த இழை.

#2 வட்டப்பாறை

தலைப்பிலேயே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். நாற்காலித் துப்பறிவாளர்களாம்! முடிவு தெரிந்த பிறகு யாரும் அறிவாளிதான். அந்த 23 நாட்களில் ஒருவராக இருந்து பாருங்கள். பட்டப்பகல், நாய் நடத்துபவர்கள் வந்துபோகும் பாதை, இயங்கிக்கொண்டிருக்கும் கைபேசி, ஈரமே படாத நாய். ஆற்றில் முக்குளிப்பாளர்கள் இறங்கித் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை. கேள்வி கேட்காமல் இருந்தால்தான் வியப்பு.

இன்னொன்றும் சொல்கிறேன். காணாமல்போன பெண்களின் வழக்குகளைப் போலீஸ் அலட்சியமாகக் கையாண்ட வரலாறு எந்த நாட்டில் இல்லை? மக்கள் கண் வைத்திருப்பதால்தான் பல கோப்புகள் அலமாரியை விட்டே இறங்குகின்றன.

#3 பிரெஸ்டன்வாசி

அந்த ஊரிலிருந்து சிறிது தூரத்தில்தான் இருக்கிறேன். சம்பவத்துக்கு முன்பே அந்தப் பாதையில் நடந்திருக்கிறேன் என்பதால் இடத்தைச் சொல்கிறேன்.

பெஞ்ச் ஆற்றைப் பார்த்து இருக்கிறது. அதைத் தாண்டினால் புல், புல்லைத் தாண்டினால் கரை. கரை சரிந்து இறங்குவதில்லை, வெட்டிவிட்டாற்போல் இறங்குகிறது. குளிர்காலத்தில் மழை பெய்த பிறகு அந்த விளிம்பு வழுக்கும். வயர் பார்வைக்குச் சாது. பவுலண்ட் மலைப்பகுதியில் மழை பெய்தால் சில மணி நேரத்தில் நிறமும் வேகமும் மாறிவிடும். சிறிது தூரத்தில் ஒரு தடுப்பணை. அதற்குக் கீழே கடலின் ஏற்ற இறக்கம் எட்டும், ஆறு ஃப்ளீட்வுட் அருகே போய்க் கடலில் சேரும்.

இதெல்லாம் வரைபடத்தில் தெரியாது. செயற்கைக்கோள் படத்தில் மேலிருந்து பார்க்கிறவருக்கு அது ஒரு கொடி போன்ற கோடு. "இவ்வளவு சிறிய ஆற்றில் எப்படி ஒருவர் காணாமல்போக முடியும்?" என்று கேட்டவர்களில் பெரும்பாலோர் அந்தக் கோட்டைத்தான் பார்த்திருப்பார்கள்.

#4 இரவுப்பணி

செவிலியாக அவசரப் பிரிவில் வேலை செய்கிறேன். "நன்றாக நீந்தத் தெரிந்தவர், எப்படி மூழ்குவார்?" என்ற வாதம் அப்போது எல்லா இடத்திலும் ஓடியது. அதைப் படித்தபோது கை பரபரத்தது, இப்போது எழுதுகிறேன்.

15 பாகை செல்சியஸுக்குக் கீழே இருக்கும் நீரில் திடீரென்று விழுந்தால் தோல் குளிர்ந்த அந்தக் கணத்திலேயே உடல் தன்னையறியாமல் ஒரு பெருமூச்சை இழுக்கும். நாம் முடிவெடுத்து இழுப்பதில்லை, அடக்கவும் முடியாது. அந்த நேரத்தில் முகம் தண்ணீருக்குள் இருந்தால் நுரையீரலுக்குப் போவது தண்ணீர். அதைத் தொடர்ந்து மூச்சு தாறுமாறாக வாங்கும், இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறும். முதல் அரை நிமிடம்தான் மிகக் கொடியது. இரண்டு மூன்று நிமிடம் தாக்குப்பிடித்தால் மூச்சு கட்டுக்குள் வரும். பிரிட்டனில் உயிர்காப்புப் படகுச் சங்கம் "நீந்த முயலாதீர்கள், முதலில் மல்லாந்து மிதங்கள்" என்று ஓயாமல் பிரசாரம் செய்வது இதனால்தான்.

அன்று ஆறு இருந்த குளிரில், கனத்த மேலங்கியும் பூட்ஸும் போட்ட ஒருவர் எதிர்பாராமல் விழுந்தால் நீச்சல் பயிற்சியைக் காட்ட நேரமே வராது. மரண விசாரணையில் இதைப் பற்றிச் சாட்சியம் அளித்தவர் பேராசிரியர் மைக் டிப்டன். குளிர்நீரில் மனித உடல் எப்படி நடந்துகொள்கிறது என்பதையே வாழ்நாள் ஆய்வாகக் கொண்டவர்.

இன்னொரு கேள்வியும் சுற்றியது: "மூழ்கியிருந்தால் மிதந்து வந்திருக்க வேண்டுமே?" உடல் முதலில் மூழ்கும். உள்ளே வாயு சேர்ந்த பிறகுதான் மேலே வரும். தண்ணீர் எவ்வளவு குளிரோ அவ்வளவு தாமதமாகும். கோடையில் சில நாட்களில் நடப்பது குளிர்காலத்தில் வாரங்கள் ஆகும். சினிமாவில் அடுத்த காட்சியிலேயே மிதக்கும், அது வேறு.

#5 வட்டப்பாறை

மருத்துவ விளக்கத்துக்கு நன்றி சகோதரி. ஆனால் இதே விளக்கத்தைப் போலீஸ் முதல் வாரத்திலேயே மேசை போட்டுச் சொல்லியிருக்கலாமே? ஏன் சொல்லவில்லை? ஒரு தனியார் நீரடித் தேடல் குழு, ஒலியலை அனுப்பித் தேடும் சோனார் கருவியுடன் வந்து மூன்று நாள் தேடிவிட்டு, "நாங்கள் தேடிய பகுதியில் அவர் இல்லை" என்று கேமரா முன்னால் சொன்னது. நிபுணரே ஆற்றில் இல்லை என்றால் மக்கள் வேறு என்ன நினைப்பார்கள்?

#6 மணற்கேணி

"தேடிய பகுதியில் இல்லை" என்ற வாக்கியத்தில் "தேடிய பகுதியில்" என்பதை நீங்களே எழுதிவிட்டு நீங்களே விட்டுவிடுகிறீர்கள், பார்த்தீர்களா? அன்று எல்லோரும் செய்ததும் அதுதான். சோனார் ஆற்றின் அடிப்பகுதியைப் படமெடுக்கும். கரையோர நாணலுக்குள் என்ன கிடக்கிறது என்று அதற்குத் தெரியாது. உடல் கிடைத்ததோ நாணலில்.

போலீஸ் ஏன் விளக்கவில்லை என்ற கேள்வி நியாயமானது. அதற்கு வருகிறேன். முதலில் அந்தக் கூட்டம் என்ன செய்தது என்று பார்ப்போம்.

ஆற்றுக்கு எதிர்க்கரையில் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டைப் பிடித்துக்கொண்டார்கள். சுற்றுலாத் தலம்போல ஆள் ஆளாக வந்து அதன் ஜன்னல் வழியாகப் படம் பிடித்தார்கள். மண்வெட்டியுடன் வந்து காட்டுப்பகுதியைத் தோண்டியவர்கள் உண்டு. இரவில் டார்ச் வெளிச்சத்தில் நேரலை செய்தவர்கள் உண்டு. கூட்டத்தைக் கலைந்து போகச் சொல்லும் அதிகாரத்தைப் போலீஸ் அந்தச் சிற்றூரில் பயன்படுத்த வேண்டியதாயிற்று. வசவும் மிரட்டலுமாக வந்து குவிந்ததால் வயர் உள்ளாட்சி மன்ற உறுப்பினர்களின் தொடர்பு விவரங்களை இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். அப்படி எழுதியதாக இரண்டு பேர் கைதும் ஆனார்கள். குப்பை அள்ளுவதைப் பார்த்துக்கொள்ளும் உள்ளூர் மன்றத்தாருக்கு இதில் என்ன பங்கு என்று என்னால் இன்றுவரை யோசித்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

வழக்கை நடத்திய அதிகாரி ரெபெக்கா ஸ்மித் பிப்ரவரி 15 அன்று பத்திரிகையாளர்களிடம், தன் 29 ஆண்டுப் பணியில் இப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை என்றார். டிக்டாக்கில் துப்பறிவாளர் வேடம் போட்டவர்களைப் பற்றிச் சொன்னது அது.

#7 செம்பருத்தி

அந்த 15ஆம் தேதியைப் பற்றி இன்னும் பேச வேண்டும். அன்று காலை "தொடக்கத்திலிருந்தே அவரை அதிக ஆபத்துள்ளவராகக் கருதினோம், சில தனிப்பட்ட காரணங்கள் உண்டு" என்று பூடகமாகச் சொன்னார்கள். அது என்ன காரணம் என்று இணையம் கொதித்தது. அன்று மாலையே அந்தப் பெண்ணின் உடல்நலம் பற்றிய அந்தரங்க விவரங்களை அறிக்கையாக எழுதிப் போலீஸே வெளியிட்டது. அந்த விவரங்களை நான் இங்கே திருப்பிச் சொல்லப் போவதில்லை, யாரும் சொல்லவும் வேண்டாம்.

அப்போதைய பிரதமர் சுனக்கே கவலை தெரிவித்தார். உள்துறை அமைச்சர் விளக்கம் கேட்டார். நவம்பரில் வெளியான போலீஸ் கல்லூரியின் ஆய்வறிக்கை, அந்த வெளியீடு தவிர்த்திருக்கக்கூடியது, தேவையற்றது என்று எழுதியது.

ஒரு பெண் காணாமல்போனால் அவள் எங்கே என்று கேட்பதற்கு முன்னால் அவள் எப்படிப்பட்டவள் என்று கேட்கிறார்கள். கணவனோடு எப்படி, குடிப்பாளா, மாத்திரை சாப்பிடுவாளா, என்ன உடுத்தியிருந்தாள். திரும்பி வந்திருந்தால் அவர் அந்த ஊரில் எப்படித் தலைநிமிர்ந்து நடந்திருப்பார்? தேடுகிறோம் என்று கிளம்பியவர்களில் எத்தனை பேர் அவர் உயிரோடு வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தார்கள்?

#8 வட்டப்பாறை

செம்பருத்தி, அந்த அறிக்கையை வெளியிட்டது போலீஸ். டிக்டாக் இல்லை. என் வாதத்துக்கு வலு சேர்க்கிறீர்கள்.

#9 செம்பருத்தி

இல்லை. வெளியிடும்படி நெருக்கியது யார்? போலீஸ் செய்தது தவறு. அந்தத் தவறை நோக்கித் தள்ளியது நீங்கள் தூக்கிப் பிடிக்கும் கூட்டம். இரண்டுமே உண்மையாக இருக்கலாம், அண்ணா.

#10 மணற்கேணி

ஆய்வறிக்கை கிட்டத்தட்ட அதைத்தான் சொல்கிறது. 17 பரிந்துரைகள். விசாரணை முறையாகவே நடந்தது, தேடலும் முறையாகவே நடந்தது. தோற்ற இடம் தகவல் சொல்வதில். இதை நெருக்கடிச் சம்பவமாக முதலிலேயே அறிவிக்கவில்லை. நம்பகமான நிருபர்களுக்குக்கூட பின்னணியை விளக்கவில்லை. அந்த வெற்றிடத்தை ஊகம் நிரப்பியது.

வட்டப்பாறை கேட்டதற்குப் பதில் இதுதான். குளிர்நீர் என்ன செய்யும், தடுப்பணையைத் தாண்டி உடல் போக முடியுமா, நாணலை ஏன் சோனார் பார்க்காது என்று ஒரு விவரமறிந்தவரை உட்காரவைத்து அரை மணி நேரம் பேசவைத்திருந்தால் பாதிக் கூட்டம் அன்றே கலைந்திருக்கும். மீதிப் பாதி கலைந்திருக்காது. அவர்களுக்கு விடை தேவைப்படவில்லை, அடுத்த பகுதி தேவைப்பட்டது.

#11 சுண்டெலி

நீங்கள் எல்லோரும் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டீர்கள். நிக்கோலா புல்லியின் உடல் கிடைத்தது 2023 பிப்ரவரி 19. லாஸ் ஏஞ்சலஸ் ஹோட்டல் மாடித் தண்ணீர்த் தொட்டியில் எலிசா லாம் உடல் கிடைத்தது 2013 பிப்ரவரி 19. சரியாகப் பத்து ஆண்டு. இரண்டும் தண்ணீர். அமெரிக்காவின் வயோமிங்கில் கேபி பெட்டிட்டோவின் உடல் கிடைத்தது 2021 செப்டம்பர் 19. பத்தொன்பது, பத்தொன்பது, பத்தொன்பது. தற்செயலா? சப்ஸ்கிரைப் செய்யுங்கள், மணியை அழுத்துங்கள்.

#12 பிரெஸ்டன்வாசி

சிரித்துவிட்டேன். ஆனால் இதைத் தனியாக வெட்டிப் போட்டால் நாளை யாராவது உண்மையிலேயே காணொளி செய்வார்கள்.

#13 சுண்டெலி

மூன்று தேதியும் உண்மை ஐயா, அதுதான் வேடிக்கை. ஒரு பொய்கூடச் சொல்லாமல் ஒரு சதியைக் கட்டிவிடலாம். எலிசா லாம் விஷயத்தில் அப்படித்தானே கட்டினார்கள்? அந்தச் சமயத்தில் ஹோட்டல் அருகே வீடற்றோர் வாழும் பகுதியில் காசநோய் பரவியது உண்மை. காசநோய்க்கு "லாம் எலிசா" என்று ஒரு பரிசோதனை இருப்பதும் உண்மை. ஆகவே அந்தப் பெண் உயிரியல் ஆயுதம்! தமிழில் இதையே பேய்க்கதையாக, பின்னணி இசையோடு எத்தனை பேர் சொல்லிவிட்டார்கள்.

#14 மணற்கேணி

எலிசா லாம் பெயர் வந்துவிட்டதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தத் தொழிலின் தாய்வீடு அந்த வழக்குதான்.

கனடாவின் வான்கூவரைச் சேர்ந்த 21 வயது மாணவி. செசில் ஹோட்டலில் தங்கியிருந்தவர் 2013 ஜனவரி 31க்குப் பிறகு தொடர்பில் இல்லை. அடையாளம் தெரிந்தவர்கள் வரட்டும் என்று போலீஸ் லிஃப்டின் கண்காணிப்புக் காணொளியை வெளியிட்டது. உள்ளே வருகிறார், வரிசையாகப் பொத்தான்களை அழுத்துகிறார், கதவு மூடவில்லை. மூலையில் ஒட்டி நிற்கிறார், எட்டிப் பார்க்கிறார், வெளியே நின்று கைகளை விசித்திரமாக அசைக்கிறார். பிறகு போய்விடுகிறார். கதவு மூடுகிறது.

அந்தச் சில நிமிடங்களை உலகமே ஒவ்வொரு சட்டகமாக நிறுத்திப் பார்த்தது. தண்ணீர் அழுத்தம் குறைகிறது, நிறம் சரியில்லை என்று விருந்தினர்கள் புகார் சொன்ன பிறகு, ஹோட்டல் ஊழியர் மாடித் தொட்டியைப் பார்க்கப் போனார். உடல் அங்கே இருந்தது. உடனே பெரிய கேள்வி கிளம்பியது: தொட்டி மூடி மூடியிருந்ததாமே, உள்ளே விழுந்தவர் எப்படி மூடியிருப்பார்? ஆண்டுக்கணக்கில் அந்தக் கேள்விதான் கொலைக் கதையின் தூண். அந்த ஊழியர் சட்டபூர்வ வாக்குமூலத்தில் என்ன சொன்னார் தெரியுமா? தான் போனபோது மூடி திறந்திருந்தது என்றார். தூண் அங்கேயே சாய்ந்தது. ஆனால் கதை இன்றும் நிற்கிறது, எப்படி என்று கேட்காதீர்கள்.

மரண விசாரணை அலுவலகம் ஜூன் மாதம் விபத்து என்றது. இருமுனை மனநிலைக் கோளாறைத் துணைக்காரணமாகக் குறிப்பிட்டது. லிஃப்டில் இருந்தது பேயுமில்லை, துரத்தும் கொலைகாரனுமில்லை. மருந்து ஒழுங்காக உடலில் சேராத, பயந்துபோன ஓர் இளம்பெண்.

#15 செம்பருத்தி

அவர் எழுதிவந்த வலைப்பூவைப் படித்துவிட்டு "எனக்கு அவளைத் தெரியும், அவள் என் தோழி" என்று உருகியவர்கள் ஆயிரக்கணக்கில். உயிரோடிருந்தபோது அதே வலைப்பூவில் தன் மனச்சோர்வைப் பற்றி அவர் வெளிப்படையாகவே எழுதியிருந்தார். தோழி எழுதியதை நம்பவில்லை, லிஃப்ட் கதவை நம்பினார்கள்.

#16 இரவுப்பணி

அதில் ஒரு மெக்சிகோ இசைக்கலைஞரையும் கொலைகாரன் என்று பிடித்தார்களே? இருண்ட பாடல்கள் பாடுவார், முகத்தில் சாயம் பூசுவார், அதே ஹோட்டலில் தங்கிக் காணொளி போட்டிருந்தார். போதாதா? அவர் தங்கியது ஓராண்டுக்கு முன்னால். அந்தப் பெண் காணாமல்போனபோது அவர் அந்த நாட்டிலேயே இல்லை. மரண மிரட்டல்கள் வந்து குவிந்தன, மனமுடைந்து போனார். அவரிடம் மன்னிப்புக் கேட்டவர்கள் யாராவது உண்டா?

#17 வட்டப்பாறை

சரி, அடி வாங்கிக்கொண்டே இருக்கிறேன். இப்போது என் முறை.

சுண்டெலி கிண்டலாகச் சொன்ன கேபி பெட்டிட்டோவையே எடுங்கள். 22 வயதுப் பெண், காதலனோடு வெள்ளை வேனில் பயணம் போனவர். காதலன் மட்டும் வேனோடு ஃபுளோரிடா திரும்பினான். 2021 செப்டம்பர் 11 அன்று குடும்பம் புகார் கொடுத்தது. வயோமிங்கின் கிராண்ட் டீட்டன் பகுதியில் எங்கே தேடுவது என்று தெரியாத நிலையில், பஸ் ஒன்றையே வீடாக்கிப் பயணம் செய்து காணொளி போடும் ஒரு குடும்பம், தாங்கள் ஆகஸ்ட் 27 அன்று எடுத்த பதிவுகளைத் திரும்ப ஓட்டிப் பார்த்தது. ஸ்பிரெட் கிரீக் முகாம் பகுதியில் சாலையோரம் அந்த வேன்! வெளியிட்டார்கள், எஃப்பிஐக்கும் கொடுத்தார்கள். 19ஆம் தேதி அந்தப் பகுதியில்தான் உடல் கிடைத்தது. கழுத்தை நெரித்துக் கொலை. இணையம் இல்லாவிட்டால் எவ்வளவு நாள் ஆகியிருக்கும்?

கென்டக்கியின் "கூடாரப் பெண்" வழக்கு இன்னும் பழையது. 1968இல் கூடாரத் துணியில் சுற்றப்பட்டு ஒரு பெண்ணின் உடல் கிடைத்தது. பெயர் தெரியாமலே அடக்கம் செய்தார்கள். உடலைக் கண்டெடுத்தவரின் மகளை மணந்துகொண்ட டாட் மேத்யூஸ் என்ற தொழிற்சாலைத் தொழிலாளி, மாமனார் சொன்ன கதையைக் கேட்டு அதையே பிடித்துக்கொண்டார். ஆண்டுக்கணக்கில் தேடினார். 1998இல், காணாமல்போன தன் அக்காவைப் பற்றி ஒரு பெண் இணையத்தில் போட்டிருந்த வரிகளைக் கண்டார். மரபணுச் சோதனையில் பொருந்தியது. முப்பது ஆண்டுக்குப் பிறகு கல்லறையில் பெயர் ஏறியது. அவரும் உங்கள் கணக்கில் நாற்காலித் துப்பறிவாளர்தானே?

#18 மணற்கேணி

நல்ல எடுத்துக்காட்டுகள், இரண்டையும் ஏற்கிறேன். இந்த இழையில் எனக்குச் சொல்ல இருப்பதையே நீங்கள் எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள்.

வேனைக் காட்டிய குடும்பம் என்ன செய்தது? தங்கள் கேமராவில் தாங்கள் எடுத்ததைத் தேடியது. அவர்கள் அன்று அந்த இடத்தில் இருந்தார்கள். அவர்களிடம் வேறு யாரிடமும் இல்லாத ஒன்று இருந்தது. அதாவது அவர்கள் சாட்சிகள். மேத்யூஸ் என்ன செய்தார்? ஒரு பக்கம் பெயரில்லாத உடலின் வருணனை, இன்னொரு பக்கம் காணாமல்போன பெண்ணின் வருணனை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பொருத்தம் பார்த்து, குடும்பத்திடமும் அதிகாரிகளிடமும் கொண்டுபோனார். சோதனை செய்ய முடிகிற ஒன்றைக் கொடுத்தார். பொருந்தவில்லை என்று வந்திருந்தால் எவர் வீட்டு ஜன்னலும் உடைந்திருக்காது.

செயின்ட் மைக்கேல்ஸ் கூட்டத்திடம் என்ன இருந்தது? போலீஸ் கொடுத்த நேரப்பட்டியல், பத்திரிகை கொடுத்த படம், தொலைக்காட்சியில் பேசிய வாழ்க்கைத் துணைவரின் முகம். எல்லோரிடமும் இருந்ததே அவர்களிடமும் இருந்தது. புதிதாகச் சேர்த்தது அவர்களின் விளக்கம் மட்டும். "ஒரு கண்ணில்தான் நீர் வந்தது", "இறந்தகாலத்தில் பேசினார்", "நாய் நனையவில்லை". நாய் ஏன் நனைய வேண்டும்? எஜமானி விழுந்தால் நாய் குதிக்க வேண்டும் என்று எந்த நாய் சட்டத்தில் எழுதியிருக்கிறது? மார்புவார் கழன்று கிடந்ததைப் போராட்டத்தின் தடயம் என்றார்கள். நாயை ஓடவிட நினைக்கிறவர் கழற்றத்தானே செய்வார்.

இதே போலீஸ் அன்று காலை அவ்வழியே போன 700 வாகன ஓட்டிகளைத் தேடிக்கொண்டிருந்தது. கார் கேமராப் பதிவு கேட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தது. மக்கள் உதவி தேவைப்பட்ட இடம் அது. அலுப்பூட்டும் வேலை, எந்தக் காணொளிக்கும் தலைப்பாகாது.

#19 பிரெஸ்டன்வாசி

அந்த 700 வாகனம் விஷயம் இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆற்றுப்பாதையிலிருந்து பிரதான சாலைக்கு வரும் ஒரு வழியில் மட்டும் கேமரா இல்லை, அந்த இடைவெளியை மூடத்தான் ஓட்டுநர்களைத் தேடினார்கள். ஊகக்காரர்களோ அந்த இடைவெளிக்குள்ளேயே சிவப்பு வேன் ஒன்றை ஓட்டிவிட்டார்கள்.

உடல் கிடைத்த அன்று நடந்தது இன்னும் மோசம். ஆற்றோரம் நடந்துபோன இருவர் நாணலில் எதையோ பார்த்துப் போலீசுக்குச் சொன்னார்கள். ஆனால் போலீஸ் உடலை எடுப்பதை ஒருவர் படமெடுத்து ஏற்றினார். குழந்தைகள் அதை என்றாவது ஒரு நாள் பார்க்கக்கூடும் என்ற எண்ணம்கூட வரவில்லை.

குடும்பம் மறுநாள் வெளியிட்ட அறிக்கையில் ஐடிவியையும் ஸ்கை நியூஸையும் பெயர் சொல்லியே கண்டித்தது. தனியே விடுங்கள் என்று கேட்ட பிறகும் தொடர்புகொண்டார்கள் என்று. ஒலிபரப்புக் கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்காம் அந்த நிறுவனங்களிடம் விளக்கம் கேட்டது. டிக்டாக் ஆட்களிடம் யார் விளக்கம் கேட்பது?

#20 இரவுப்பணி

பேசாத ஒன்று பாக்கி இருக்கிறது. பெட்டிட்டோவின் உடல் கிடைத்த அதே வயோமிங் மாநிலத்தில், 2011 முதல் 2020 வரை 710 பூர்வகுடியினர் காணாமல்போனதாகப் பதிவு இருக்கிறது. அவர்களில் எத்தனை பேரின் முகம் நமக்குத் தெரியும்? துப்பறிவாளர் படை எல்லா வழக்குக்கும் கிளம்புவதில்லை. அழகான படம் வேண்டும், மர்மமான கடைசி நிமிடம் வேண்டும், வெள்ளைத் தோலாக இருந்தால் நல்லது. வட்டப்பாறை சொல்லும் "மக்கள் கண்" எங்கே பார்க்கிறது, எங்கே பார்ப்பதில்லை?

#21 வட்டப்பாறை

இதை மறுக்க மாட்டேன். ஆனால் இதற்குப் பரிகாரம் கண்ணை மூடிக்கொள்வது இல்லையே. பெயர் தெரியாத உடல்களின் மரபணுவை வைத்துக் குடும்பமரம் போட்டு அடையாளம் காணும் தன்னார்வலர் அமைப்புகள் அமெரிக்காவில் இருக்கின்றன. பல மாதம் பழைய பதிவேடுகளைப் புரட்டும் வேலை. முகம் தெரியாத, கேட்க ஆளில்லாத உடல்களுக்குத்தான் அவர்கள் பெயர் தேடிக் கொடுக்கிறார்கள். ஆர்வம் தவறில்லை, போகிற பாதைதான் விஷயம் என்பதில் நமக்குள் சண்டை இல்லை என்று நினைக்கிறேன். தலைப்பை மட்டும் மாற்றுங்கள், மணற்கேணி.

#22 மணற்கேணி

தலைப்பு அப்படியே இருக்கும். மேத்யூஸ் நாற்காலியை விட்டு எழுந்து நடந்தார்.

#23 மட்டுறுத்துநர்

சற்றுமுன் ஒரு புதிய உறுப்பினர் இட்ட பதிவை நீக்கியிருக்கிறேன். இப்போது விசாரணையில் இருக்கும் ஒரு பெண்ணின் வழக்கில், அவருடைய உறவினர் ஒருவரைப் பெயர், படம், பணியிடத்துடன் குற்றவாளி என்று எழுதியிருந்தார். முடிந்த வழக்குகளை அலசத் தடையில்லை. நடக்கும் வழக்கில் யாரையும் சுட்டி எழுத இங்கே இடமில்லை. கண்ணால் பார்த்தது, கேமராவில் பதிந்தது ஏதாவது இருந்தால் காவல் நிலையத்தில் கொடுங்கள்.

#24 சுண்டெலி

அந்தப் பதிவு நீங்குவதற்கு முன் படித்துவிட்டேன். தனிமடலில் அவரைக் கேட்டேன், தம்பி, அன்றைக்கு அந்த ஊரில் இருந்தாயா என்று. இல்லையாம். அந்தக் குடும்பத்தைத் தெரியுமா? தெரியாதாம். வேறு எப்படிக் கண்டுபிடித்தாய் என்றால், பேட்டியில் அந்த ஆள் இரண்டு முறை தண்ணீர் குடித்தாராம்.